ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களுக்கு என்ன தண்டனை? உடையார்குடி கல்வெட்டில் இருப்பதும் இல்லாததும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிரதோஷத்துக்கு வர்றவங்க, அன்னதானக் கொட்டகையில் எங்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவங்க, எல்லாரும் பொறுமையா கடைசி வரைக்கும் படிக்கணும்னு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் படிப்பு எஸ்பிஎம் வரைக்கும்தான். வேலை தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வரலாற்று ஆசிரியர் இல்லை. ஆனாலும் எழுத வேண்டியதாப் போச்சு.

மூன்று வாரத்துக்கு முன்னாடி, வெள்ளிக்கிழமை உபயம் முடிஞ்சு பந்தி நடந்துக்கிட்டு இருந்தது. இளைஞர் பிள்ளைகள் நாலஞ்சு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து பொன்னியின் செல்வன் படத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரம் பார்த்து நம்ம குருக்கள் ஐயா அந்தப் பக்கமா நடந்து போனார். ஒரு தம்பி, "டேய், ரவிதாசன் வர்றாரு, கழுத்தைப் பார்த்துக்குங்க" என்றான். எல்லாரும் சிரிச்சாங்க. ஐயா காதில் விழுந்ததா இல்லையா தெரியாது, அவர் பாட்டுக்குப் போய்ட்டார். ஆனால் பள்ளி லீவுக்கு ஊரிலிருந்து வந்திருந்த அவர் மகன் எங்க பக்கத்திலேயே தண்ணீர் ஜக்கோடு நின்னுக்கிட்டு இருந்தான். பன்னிரண்டு வயசுப் பையன். "மாமா, ரவிதாசன்னா யாரு? ஏன் அப்பாவை அப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டான்.

சினிமாவில் வர்ற ஒரு ஆள்டா என்று சொல்லிச் சமாளிச்சோம். அது முழுப் பதில் இல்லை என்று எங்களுக்கே தெரியும். அதற்கு ஒரு வாரம் முன்னாடிதான் நம்ம தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. சோழ இளவரசனைக் கொன்றது அந்தணர்கள், அவர்களை ராஜராஜன் தண்டிக்காமல் விட்டுட்டான், காரணம் சாதி, அவங்க பரம்பரைதான் இன்னைக்கும் கோயில்களில் இருக்கு, இப்படிப் போகும் அந்தப் பேச்சு. ஆறு நிமிஷம். அதை முழுசா கேட்காமலே மற்ற இரண்டு குழுவுக்கு அனுப்பியவர்களில் நாங்களும் ஒருவர். அந்தப் பையன் கேட்ட அன்னைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து முழுசாக் கேட்டோம். அப்புறம் புத்தகங்களைத் தேடி எடுத்தோம்.

முதலில் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமா. ஆதித்த கரிகாலன் சுந்தர சோழரின் மூத்த மகன். குந்தவைப் பிராட்டியாருக்கும், பிறகு ராஜராஜன் என்று பெயர் பெற்ற அருள்மொழிக்கும் அண்ணன். சின்ன வயசிலேயே சேவூர்ப் போரில் வீரபாண்டியனை எதிர்த்து நின்றவன். 'பாண்டியன் தலை கொண்ட' என்ற பட்டத்தோடுதான் அவன் பெயர் கல்வெட்டுகளில் வரும். பட்டத்து இளவரசன். அடுத்த ராஜா அவன்தான் என்று நாடே நினைச்சுக்கிட்டு இருந்த நேரத்தில், கி.பி. 970 வாக்கில், கொல்லப்பட்டான். சுந்தர சோழரும் காஞ்சிபுரத்துப் பொன் மாளிகையில் இறந்தார். அவரைப் 'பொன் மாளிகை துஞ்சின தேவர்' என்று பிறகு குறிப்பிட்டார்கள். அடுத்து அரியணை ஏறியது அருள்மொழி இல்லை, அவருக்குச் சித்தப்பா முறையான உத்தம சோழன். அவர் ஆட்சி முடிந்து 985-ல்தான் ராஜராஜன் வந்தார்.

கல்கி இதைத்தான் 1950-லிருந்து தொடராக எழுதினார். கடம்பூர் மாளிகை, நந்தினி, பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள், மரத்தடியில் சத்தியம், எல்லாம் அவர் கற்பனையில் வந்தது. நந்தினி என்று ஒரு பெண் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. கடம்பூரில் கொலை நடந்தது என்றும் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் ரவிதாசன் கற்பனை இல்லை. அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்குது.

ரவிதாசன் பெயர் இருக்கிற இடம் காட்டுமன்னார்கோயில். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வீராணம் ஏரி பக்கம். பழைய பெயர் வீரநாராயண சதுர்வேதிமங்கலம், முதலாம் பராந்தகனின் பட்டப்பெயரில் அமைந்த ஊர். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்துத் தந்த நாதமுனிகள் பிறந்ததும் இதே ஊரில்தான். பொன்னியின் செல்வன் நாவலின் முதல் காட்சியில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதும் இந்த ஏரிக்கரை மேல்தான். கல்கி சும்மா அந்த இடத்தைப் பிடிக்கவில்லை என்று இப்போ புரியுது.

அங்கே உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கு. நம்ம கோயிலிலிருந்து 14 பேர் யாத்திரை போனபோது சிதம்பரம் தரிசனம் முடிச்சு அங்கேயும் போனோம். உண்மையைச் சொன்னால், அன்னைக்கு எங்களுக்குச் சரியான பசி. சுவரில் எழுத்து எழுத்தா இருந்தது. தமிழும் கிரந்தமும் கலந்து. எங்க யாருக்கும் ஒரு வரி படிக்க வரல. போட்டோ எடுத்துட்டு வந்துட்டோம். அந்த போட்டோவை இப்போதான் பெரிசு பண்ணிப் பார்த்துக்கிட்டு இருக்கோம், கையில் அச்சான பாடத்தை வச்சுக்கிட்டு.

அந்தக் கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கி.பி. 987 வாக்கில் என்று வச்சுக்குங்க. கொலை நடந்து கிட்டத்தட்ட பதினாறு, பதினேழு வருஷம் கழிச்சு. ஊர்ச் சபைக்கு, அதாவது பெருங்குறிப் பெருமக்களுக்கு, ராஜா அனுப்பிய ஓலை அதில் வருது. கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சில பேரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுது. சோமன். அவன் தம்பி ரவிதாசன், பட்டம் பஞ்சவன் பிரம்மாதிராஜன். அவன் தம்பி பரமேசுவரன், பட்டம் இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். அப்புறம் உடன்பிறந்தவன் மலையனூரான்.

இந்தப் பட்டத்தைக் கவனிக்கணும். பிரம்மாதிராஜன் என்பது பூசை செய்கிறவருக்குக் கொடுக்கிற பட்டம் இல்லை. அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்த அந்தண அதிகாரிகளுக்கு ராஜா கொடுத்த பட்டம். இன்னைக்கு இங்கே டத்தோ பட்டம் கொடுக்கிற மாதிரி. பஞ்சவன் என்றால் பாண்டியன், அதனால் இவர்கள் பாண்டியன் ஆட்கள் என்று சிலர் சொல்வாங்க. ஆனால் தம்பி பட்டத்தில் 'இருமுடிச்சோழ' என்று இருக்கே? அது சோழப் பட்டம். பாண்டியனை ஜெயித்த சோழனும் பஞ்சவன் என்ற சொல்லைத் தன் ஆட்களுக்குப் பட்டமாகக் கொடுக்கலாம். ஆக இவங்க அரண்மனைக்கு உள்ளே இருந்த ஆட்கள், மேல்மட்டத்து அதிகாரிகள். பாண்டியனுக்காகப் பழி வாங்கினார்கள் என்று அந்தக் கல்லில் ஒரு வார்த்தையும் இல்லை. ஏன் கொன்றார்கள் என்றே இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். சிவன் கோயிலில் பூசை செய்யும் சிவாச்சாரியார்கள் வேற மரபு, பிரமதேய ஊரில் வேதம் ஓதி நிலம் வச்சிருந்த பட்டர்கள் வேற மரபு. இரண்டையும் ஒன்றாப் போட்டுக் குழப்புற அந்தக் குரல் பதிவுக்கு இதுவே தெரியல. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

சரி, தண்டனை என்ன? தலையை வெட்டினார்களா? யானைக் காலில் போட்டாங்களா? சோழ நாட்டில் அதெல்லாம் இல்லை என்று சொல்ல முடியாது. 1225-ல் சாவ் ஜூ குவா என்ற சீன அதிகாரி வெளிநாடுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சோழ நாட்டில் சின்னக் குற்றம் என்றால் மரச் சட்டத்தில் கட்டி வச்சு ஐம்பது, எழுபது, நூறு அடி வரைக்கும் பிரம்பால் அடிப்பாங்க, பெரிய குற்றம் என்றால் தலையை வெட்டுவாங்க, இல்லாட்டி யானையை விட்டு மிதிக்க வைப்பாங்க என்று அதில் இருக்கு. அவர் குவான்சௌ துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அங்கே நம்ம தமிழ் வணிகர்களே போய் வந்தாங்க, பிறகு 1281-ல் அங்கே சிவன் கோயில் தமிழ்க் கல்வெட்டே வச்சிருக்காங்க. வியாபாரிகள் வாயால் கேட்டுத்தான் எழுதியிருப்பார்.

ஆனால் உடையார்குடி கல்லில் வெட்டும் இல்லை, யானையும் இல்லை. விசாரணை எங்கே நடந்தது, யார் சாட்சி சொன்னாங்க, அதுவும் இல்லை. நாடு கடத்தினார்கள் என்று எல்லாரும் சொல்வோம், படத்துக்குப் பிறகு நிறையப் பேர் சொன்னாங்க, அந்த வார்த்தையும் அதில் இல்லை. இருப்பது ஒன்றே ஒன்று: சொத்து பறிமுதல். அதை மேற்பார்வை பார்க்கக் கொட்டையூரிலிருந்து ஒருவரையும் புள்ளமங்கலத்திலிருந்து ஒருவரையும் ராஜா நியமிக்கிறார். அந்த இருவரும்கூட அந்தணர்கள்தான். இதை அந்தக் குரல் பதிவு சொல்லல.

அந்தணனுக்கு மரண தண்டனை கூடாது என்று மனுதர்மத்தில் இருக்கு, அதனால்தான் ராஜராஜன் விட்டுட்டான் என்று சொல்றாங்க. மனுதர்மத்தில் அப்படி இருக்கிறது உண்மைதான். ஆனால் அதே இடத்தில், அவனை அவன் சொத்தோடு அனுப்பிவிடு என்றும் இருக்கு. ராஜராஜன் சொத்தைத்தானே பிடிச்சார்? அப்போ மனு சொன்னபடி நடந்தது என்று எப்படிச் சொல்வது? இன்னொரு பக்கம் அர்த்தசாஸ்திரத்தில், ராஜ துரோகம் செய்த அந்தணனைத் தண்ணீரில் மூழ்கடிக்கணும் என்று இருக்கு. நூலில் இருப்பது வேற, அரண்மனையில் நடந்தது வேற. கொன்றவர்கள் உயிர் என்ன ஆனது என்பதைக் கல் சொல்லாதபோது, 'விட்டுட்டான்' என்று நாம் சொன்னால் அது நம்ம கற்பனை. 'வெட்டிட்டான்' என்று சொன்னாலும் அதே கற்பனைதான்.

இப்போ எங்களைத் தூங்க விடாத இடத்துக்கு வர்றோம்.

யார் யார் சொத்து? கொன்ற நாலு பேர் சொத்து மட்டும் இல்லை. அவங்க தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், பெரியப்பன்மார், அவங்க பிள்ளைகள், தாயோடு பிறந்த தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள். இத்தனை பேரும். கல்யாண வீட்டில் முறை சொல்லிப் பந்தியில் உட்கார வைப்பாங்களே, அந்த மாதிரி ஒரு ஆள் விடாமல் வரிசையா போகுது. அந்த நிலங்களில் ஒன்று ரேவதாச கிரமவித்தன் என்பவனுடையது, அவன் மகனுடையது, அவன் தாயுடையது. தாய் பெயரும் இருக்கு: பெரிய நங்கைச் சாணி. (சாணி என்றால் தப்பா நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அந்தணப் பெண்கள் பெயரோடு மரியாதைக்குச் சேர்க்கிற சொல்.) ஆயிரம் வருஷத்துக்கு மேலே ஆச்சு. அந்த அம்மா என்ன செய்தார், மகன் செய்தது அவருக்குத் தெரியுமா, ஒன்றும் கல்லில் இல்லை. பெயர் மட்டும் இருக்கு, துரோகிகள் சொத்து என்ற கணக்கில்.

இது ராஜராஜன் கோபத்தில் புதுசா கண்டுபிடிச்ச வழக்கமும் இல்லை. உத்திரமேரூர் கல்வெட்டு நம்ம எல்லாருக்கும் தெரியும், குடவோலை முறை, 919, 921-ஆம் வருஷத்தது. பள்ளியில் படிச்சிருக்கோம். அதில் வாரியத்துக்கு யார் நிற்கக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவன் சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மருமகன், தங்கையைக் கட்டியவன், யாருமே நிற்கக் கூடாது. கணக்குக் காட்டாததற்கே இப்படி! இன்னைக்கு நம்ம ஊர்க் கோயில் நிர்வாகங்களில் இந்தச் சட்டம் வந்தால் ஆண்டுக் கூட்டத்தில் நாற்காலிதான் இருக்கும், ஆள் இருக்க மாட்டாங்க. (தலைவர் கோபிக்க வேண்டாம். நம்ம கோயில் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கு, நாங்களே பார்த்தோம்.)

அந்தக் காலத்தில் ஒரு ஆள் என்றால் ஒரு ஆள் இல்லை, ஒரு குடும்பம். நிலமும் குடும்பத்தோடது, பேரும் குடும்பத்தோடது, பழியும் குடும்பத்தோடது. அப்படித்தான் அவங்க பார்த்தாங்க. நாம இப்போ அப்படிப் பார்க்கிறது இல்லை என்று சொல்லிக்குவோம்.

அப்படிச் சொல்லிக்க எங்களால் முடியல. ஏன்னா எங்க வேலை இடத்தில் ஒரு சம்பவம். பல வருஷம் ஆச்சு, இப்போ இருக்கிற கம்பெனி இல்லை. செம்புக் கம்பி காணாமல் போச்சு. ஒருத்தர் மேலே சந்தேகம். முறைப்படி காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்தாங்க, உள்விசாரணை வச்சாங்க, அவரும் பேசினார், சாட்சியும் பேசினாங்க, தப்பு நிரூபணம் ஆகி வேலை போச்சு. அது வரைக்கும் சரி. அவருடைய தம்பி வேற லைனில் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தார், ராத்திரி ஷிப்ட், ஒரு நாள் லேட் கிடையாது. அந்தத் தம்பிக்குக் கடிதமும் இல்லை, விசாரணையும் இல்லை. 'ஸ்டோர் பக்கம் அவர் வேண்டாம்' என்று மேலே இருந்து வாய் வார்த்தையா சொன்னாங்க. மாற்றல் பாரத்தில் கையெழுத்துப் போட்டது நாங்கதான். ஓவர்டைம் இல்லாத இடம். நாலு மாசத்தில் அவராவே வேலையை விட்டுட்டார். போகும்போது, "அண்ணே, எனக்கு எந்தச் செக்ஷன்ல குத்தம்?" என்று மட்டும் கேட்டார். அன்னைக்கும் எங்ககிட்ட பதில் இல்லை.

பெரிய நங்கைச் சாணி பெயரைப் படிச்சப்போ அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

இனி உத்தம சோழன் விஷயம். பின்னால் இருந்து செய்யச் சொன்னது அவர்தான் என்று நிறையப் பேர் அடிச்சுச் சொல்றாங்க. இந்தச் சந்தேகத்துக்குப் பெரிய பெயர் கொடுத்தவர் நீலகண்ட சாஸ்திரியார். பதினஞ்சு வருஷம் உத்தம சோழன் ஆண்டிருக்கார், அந்தக் காலத்தில் துரோகிகளைத் தண்டிச்ச செய்தி இல்லை, ராஜராஜன் வந்ததும் இரண்டாம் வருஷத்தில் இந்த ஓலை வருது, அப்போ என்ன அர்த்தம் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் ஒரு குறிப்பும் இருக்கு: ஆதித்தன் விண்ணுலகம் போனபின், மக்கள் அருள்மொழியைத்தான் ராஜாவா வரச் சொன்னாங்க, சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும் வரை தான் அதை மனசாலும் விரும்பேன் என்று அருள்மொழி மறுத்துட்டார்.

ஆனால் சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. உத்தம சோழன் யார் மகன்? திருவிசைப்பா பாடிய கண்டராதித்தர் மகன். செங்கல் கோயில்களைக் கல் கோயிலா மாத்திக் கட்டிய செம்பியன் மாதேவியார் பெற்ற பிள்ளை. கோனேரிராஜபுரம், ஆடுதுறை, திருக்கோடிக்காவல் என்று அந்த அம்மையார் செய்த திருப்பணியை யாத்திரை போனவங்க கண்ணால் பார்த்திருக்கீங்க. தன் அண்ணனைக் கொல்லச் சொன்னவனின் தாய் என்றால் ராஜராஜன் அவரைத் தலைமேல் வச்சுக் கொண்டாடியிருப்பாரா? உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் பெரிய அதிகாரியா இருந்திருக்கார். அதைவிட, உத்தம சோழனுடைய சொந்தப் பெயர் மதுராந்தகன். ராஜேந்திர சோழனுக்கும் அதே பெயர்தான் இருந்தது. அண்ணனைக் கொன்றவன் பெயரையா ஒருத்தர் தன் மகனுக்கு வைப்பார்?

குடவாயில் பாலசுப்பிரமணியன் அவர்கள் அந்தக் கல்வெட்டைத் திரும்ப வாசிச்சு வேற ஒன்று சொல்றார். அந்தக் கல் அடிப்படையில் ஒரு நில தானப் பத்திரம், கொலைத் தீர்ப்பு இல்லை. நிலம் எப்படிக் கைமாறியது என்று காட்டத்தான் பழைய ஓலையைச் சேர்த்து வெட்டியிருக்காங்க. இரண்டாம் வருஷத்தில்தான் தண்டனையே ஆரம்பிச்சது என்று அதை வச்சுச் சொல்ல முடியாது, முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம். எங்களுக்கு இதுதான் சரியாப் படுது. வீட்டுப் பத்திரம் வாங்கும்போது முன்னாடி யார் யார் கையில் இருந்தது என்று வக்கீல் எழுதுவாரே, அந்த மாதிரி. அந்தப் பத்திரம் எழுதுற தேதிதான் எல்லாச் சம்பவத்துக்கும் தேதி என்று நாம நினைச்சுக்கக் கூடாது.

அந்த நிலத்தை யார் வாங்கினது என்று கேட்பீங்க. வியாழ கஜமல்ல பல்லவரையன் என்ற ஒரு அதிகாரி. பொன் கொடுத்து வாங்கி, தான் வச்சுக்கல. அனந்தீசுவரர் கோயிலில் சோறு போடுற தர்மத்துக்கும் தண்ணீர் தர்மத்துக்கும் எழுதி வச்சுட்டார். கொலைகாரர் நிலத்தில் விளைஞ்ச நெல் அன்னதானத்துக்குப் போயிருக்கு. அதனால்தான் இந்த விஷயம் கோயில் சுவருக்கே வந்தது. இந்தத் தானம் நடக்காமல் இருந்திருந்தால் ரவிதாசன் பெயரும் கிடையாது, கல்கிக்குக் கதையும் இவ்வளவு கிடைச்சிருக்காது.

அதே சோழர் காலத்தில் சாதாரண சனங்க கொலை வழக்கு எப்படி முடிஞ்சது தெரியுமா? அதுவும் கோயில் சுவரில்தான் இருக்கு. வேட்டைக்குப் போனவன் விட்ட அம்பு குறி தப்பி இன்னொரு ஆள் மேல் பட்டுச் செத்துப் போனான் என்று பல ஊரில் கல்வெட்டு இருக்கு. ஊராரும் நாட்டாரும் கூடிப் பேசுவாங்க. வேணும்னு செய்யல, அதனால் உயிருக்கு உயிர் கேட்கக் கூடாது, செத்தவன் பேரில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கணும் என்று முடிவு சொல்வாங்க. ஒரு விளக்குக்கு 96 ஆடு. 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவாங்க. ஆடு சாகத்தான் செய்யும், கிழடாகத்தான் செய்யும், ஆனால் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வச்சுக்கணும், தினம் நெய் அளக்கணும். 96 ஆடு என்றால் ஏழைக்குச் சும்மா இல்லை, வாழ்நாள் கடன்.

இன்னொன்று இதைவிட மனசைப் பிடிச்சது. ஒரு அதிகாரி ஒரு பெண்ணிடம் வரி கேட்டான். நான் கட்ட வேண்டியது இல்லை என்றாள் அவள். சத்தியப் பிரமாணம் செய்து நிரூபி என்று அவளை நெருக்கினான். அவமானம் தாங்காமல் அவள் விஷம் குடிச்சுச் செத்துட்டாள். அவன் கையால் கொல்லல. ஆனாலும் நாட்டார் கூடி, அந்தப் பழி உன்னைத்தான் சேரும் என்று தீர்ப்புச் சொன்னாங்க. 32 காசு கொடுத்து விளக்கு வச்சான். வாயால் பேசின பேச்சுக்கும் பழி உண்டு என்று அந்தச் சபை நினைச்சிருக்கு. நம்ம குரல் பதிவையும், அதை அனுப்பின எங்க விரலையும் நினைச்சுப் பார்த்தோம்.

இந்த மூன்று வாரத்தில் நடந்ததையும் சொல்லிடுறோம். அந்தக் குரல் பதிவை அனுப்பிய இரண்டு குழுவிலும் 'இது தவறு, நாங்கள் சரிபார்க்காமல் அனுப்பிட்டோம்' என்று எழுதிட்டோம். ஒருத்தர் கட்டைவிரல் காட்டினார், ஒருத்தர் சண்டைக்கு வந்தார், மத்தவங்க பேசல. பந்தியில் பேசின அந்தத் தம்பியைத் தனியா கூப்பிட்டு ரோட்டி சானாய் வாங்கிக் கொடுத்துப் பேசினோம். நல்ல பையன்தான், "அங்கிள், சும்மா ஜோக்குதான் லா" என்றான். கல்வெட்டு போட்டோவைக் காட்டினோம். அந்தப் பட்டியலை வாசிச்சப்போ, "அக்காவைக் கட்டினவரைக்கூடவா?" என்று கேட்டான். அதுக்கு அப்புறம் அவனே போய் ஐயாவைப் பார்த்துட்டு வந்தான்.

குருக்கள் ஐயாவிடம் நாங்களும் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் காதில் அன்னைக்கே விழுந்திருக்கு. "விடுங்கோ, பசங்கதானே" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா பையன் ஊருக்குப் போயும் போன்ல கேட்டுண்டே இருக்கான்" என்றார்.

அவனுக்குத்தான் முக்கியமா இதை எழுதினோம். ஐயா போனில் இந்தப் பதிவை அனுப்பி வைக்கிறதா சொல்லியிருக்கார். தம்பி, ரவிதாசன் என்பவர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி சோழ அரசாங்கத்தில் இருந்த ஒரு அதிகாரி. இளவரசனைக் கொன்றதா அவர் மேலேயும் அவர் சகோதரர்கள் மேலேயும் பழி, கோயில் சுவரில் அப்படித்தான் வெட்டியிருக்கு. உங்க அப்பாவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்னைக்கு ஜக்கை கையில் வச்சுக்கிட்டு நீ கேட்டதுக்கு மாமா ஒழுங்கா பதில் சொல்லல. அடுத்த லீவுக்கு வரும்போது அந்தக் கல்வெட்டு போட்டோவைக் காட்டுறோம், கிரந்த எழுத்து உனக்குப் படிக்க வந்தால் எங்களுக்கும் சொல்லிக் கொடு.

கல்வெட்டு படிச்சவங்க, ஆசிரியர்கள் யாராவது இதில் தப்பு பார்த்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்க, திருத்திக்குவோம். வர்ற பிரதோஷத்துக்குக் காய் நறுக்க ஆள் குறைவு, நாலு மணிக்கே வந்துடுங்க.

ஓம் நமசிவாய.